சாமிக்கு வைத்த இலையும் காணாமல் போன கட்டமும்

சித்திரக்கதை வரைவதுதான் என் தொழில் என்று நீங்கள் வீட்டில் சொன்னபோது யாராவது உங்களை ஒரு மாதிரி பார்த்திருந்தால் மனம் நோகாதீர்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். கண்டியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஆரம்பித்து, ஓய்வு பெறும்வரை நான் வரைந்ததில் பாதி நுளம்பு, அதுதான், காய்ச்சல் பரப்புகிற கொசு. மீதிப் பாதியில் கை கழுவும் பிள்ளைகள், கொதிக்கவைத்த தண்ணீர், மின்னல் நேரத்தில் மரத்தடியில் நிற்காதே என்று விரலை ஆட்டும் ஒரு மாமா. அந்த மாமாவுக்கு என் சொந்த மாமாவின் மீசையை வைத்துவிட்டு, ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன்.

உங்களுக்குக் கோடு போடச் சொல்லித்தர நான் வரவில்லை. கண்ணாடிப் பலகையில் விரலால் தேய்த்தே மழை பெய்ய வைக்கிறீர்கள். நான் ஒரு மழைக்கு ஒரு பேனா முள்ளைத் தேய்த்தவள். கை ஓடும்போது மனம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது. எதை வரைவது, எதை விடுவது, விட்டதால் யார் தலையில் என்ன விழுகிறது என்ற விஷயம். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பருப்பு வேகும் புகையில் கண் எரிய நின்று தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு கட்டைவிரலைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவருக்குப் பெயர் சொன்னால் பிடிக்காது. வரைந்த படத்திலேயே கையெழுத்து வைக்காத மனிதர். அவரிடம் ஒரு சோதனை இருந்தது. பக்கத்தை மேசையில் விரித்து, ஒரு கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு மற்றக் கட்டங்களை வாசிப்பார். கதை நொண்டாமல் நடந்தால் அந்தக் கட்டம் வேண்டாம். கதை நொண்டினால் கட்டம் இருக்கலாம். நான் முதன்முதலில் வரைந்தது கிணறு சுத்தம் செய்கிற கதை. அதில் ஒரு கட்டத்தில் கிணற்றை எட்டிப் பார்க்கிற நாய் ஒன்றை வரைந்திருந்தேன். அவ்வளவு அழகான நாயை நான் அதற்குப் பிறகு வரையவே இல்லை. அவர் விரலை வைத்தார், கதை ஜாம் ஜாமென்று நடந்தது, நாய் போய்விட்டது. நான் அழுததைப் பார்த்து, கீழே கடையில் தேநீரும் ரோல்ஸும் வாங்கித்தந்தார். நான் அழுது முடிப்பதற்குள் என் ரோல்ஸையும் அவரே சாப்பிட்டார்.

அந்தச் சோதனையை என்னிடம் வேலை பழகிய எல்லோருக்கும் நானும் சொல்லிக்கொடுத்தேன். நல்ல சோதனைதான். அதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நான் செய்த கடைசி வேலை, மலைநாட்டில் பெய்த அந்தப் பெருமழைக்குப் பிறகு தெல்தோட்டைப் பக்கத்தில் நடந்த ஒரு நிவாரணச் சமையலைச் சித்திரக்கதையாக வரைந்தது. மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் சில மண்ணுக்குள் போயின. மிஞ்சிய லயங்களிலும் சுவர் வெடித்திருந்ததால் சனங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல ஒரு கோயில். அதன் அன்னதான மண்டபத்தில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. கண்டியிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கமாக அந்தச் சமையலை வரைந்து தரும்படி என்னிடம் கேட்டது.

புகைப்படம் எடுத்தால் போகிறது, இதற்கு ஏன் சித்திரக்கதை என்று நீங்கள் கேட்கலாம். புகைப்படக்காரர்கள் எனக்கு முன்னாலேயே வந்து போயிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் வரிசையில் நின்றவர்கள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்களாம். பத்திரிகையில் வந்தது வெறும் குடைகள்தான். நான் ஒரு அட்டையும் பென்சிலுமாகப் போய் மூலையில் உட்கார்ந்தபோது யாரும் குடையைச் சாய்க்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பக்கம் வெளிவந்த மறுநாளே கண்டி மார்க்கட் கடைக்காரர்கள் தாங்களாகவே பருப்பு மூட்டையும் தேங்காயும் லொறியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் என் பக்கம் அந்தச் சமையலுக்கு விறகு மாதிரி ஒரு தேவையாகிவிட்டது.

முதல் நாள் நான் வரிசையை வரைந்துகொண்டிருந்தேன். அதில் ஒருவர், தோட்டத்து ஆபீசில் எழுதுவினைஞராக வேலை செய்கிறவர், சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தார். வீடு போய், கையில் இரவல் தட்டு. ஆனாலும் பேனா நேராக நின்றது. எனக்கு அது பிடித்துப்போய் பேனாவை நன்றாகவே வரைந்துவிட்டேன். அவர் சோறு வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் அட்டையை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தத் தாளை அவர் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து சாப்பிட வருகிறவர்களின் கைகளையும் தட்டுகளையும் மட்டுமே வரைவது, சமைக்கிறவர்களுக்கு மட்டும் முகம் வைப்பது என்று முடிவுசெய்தேன். கொடுக்கிறவருக்குத் தன் முகம் தெரிவதில் கூச்சம் இல்லை, வாங்குகிறவருக்கு இருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் ஒரு முடிவு இன்னொரு சிக்கலுக்குக் கதவைத் திறந்துவிடும். சமைக்கிறவர்களுக்கு மட்டும் முகம் வைத்ததால், ஞாயிறு தவறாமல் இரண்டே இரண்டு முகங்கள் ஊரெல்லாம் போயின. அதில் ஒரு முகம் சிவனு அண்ணனுடையது.

சிவனு அண்ணன் அந்தக் கோயிலின் சமையல்காரர். அவருடைய அப்பாவும் அதே அடுப்பில் சமைத்தவர். பரீட்சை மண்டபத்தில் காவல் நிற்கிற வாத்தியார் மாதிரி ஒரு முகம். சாமிக்குப் படைப்பதற்கு முன் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பது கோயில் முறை இல்லையா, அதனால் அவர் ருசியே பார்க்கமாட்டார். படைத்த பிறகு பார்க்கலாம்தான், ஆனால் அந்தப் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. கிடாரத்து ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளி, கண்ணை மூடி, "போதும்" என்பார். அவர் போதும் என்றால் உலகத்துக்கே போதும்.

இரண்டாவது முகம் நானாவுடையது. திகனையில் கலியாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். பாதை திறந்த அன்றே தன் பெரிய கிடாரங்களையும் காய்ந்த விறகையும் லொறியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் நானா என்றே கூப்பிட்டதால் அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவர் சிவனு அண்ணனுக்கு நேர் எதிர். வெங்காயம் வதங்கும்போது ருசி, தண்ணீர் கொதிக்கும்போது ருசி, இறக்கும்போது ருசி. ஒரு கலியாணச் சமையல் முடிகிறபோது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கோயில் மண்டபம் என்பதால் இங்கே மரக்கறி மட்டும்தான். இறைச்சி இல்லாத சமையல் தனக்கு லீவு கிடைத்த மாதிரி என்றார்.

முதல் சில நாட்கள் பருப்புக்குப் பொறுப்பு சிவனு அண்ணன். உப்பு குறைவாக இருந்தது. எனக்குத் தெரியும், நானாவுக்குத் தெரியும், சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். வீடு போனவர்கள் கிடைத்த சோற்றில் குறை சொல்வார்களா? பேசாமல் சாப்பிட்டார்கள். வரிசையில் நின்ற, கொழுந்து பறிக்கிற செல்லம்மா அக்கா மட்டும் அப்படி இல்லை. கொழுந்து மலையில் ஒரு தொங்கலில், அதாவது ஒரு கோடியில், நின்று பேசினால் மறு தொங்கலில் கங்காணி திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல் அவருக்கு. ஒரு வாய் வைத்துவிட்டு, சிவனு அண்ணனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"ஏண்ணே, நம்ம சாமிக்கு பிரஷரா?"

மழைக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். வரிசை முழுக்கச் சிரித்தது. நானா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிவனு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சமையல் இறங்கியதும் எல்லாவற்றுக்கும் முன் ஓர் இலையில் கொஞ்சம் சோறும் பருப்பும் வைத்து, விளக்கின் முன் சாமிக்குப் படைப்பது. அதற்குப் பிறகு, வரிசைக்குப் போடுவதற்கு முன், நானா அகப்பையில் கொஞ்சம் எடுத்துச் சிவனு அண்ணனின் உள்ளங்கையில் ஊற்றுவது. சிவனு அண்ணன் பல வருஷத்துக்குப் பிறகு அடுப்படியில் நின்று ருசி பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல் வைத்தியரிடம் போனவர் மாதிரி. "இன்னொரு கை போடலாம்" என்று சொல்லிவிட்டு உப்பை அள்ளினார். அந்தக் காட்சியைக் கண்டபிறகு வரையாமல் இருக்க என்னால் முடியுமா? அந்த வாரத்துப் பக்கம் அதுதான்.

ஏழு கட்டங்கள். மூன்றாவதில் கிடாரத்தின் மூடி திறக்கிறது, ஆவி பறக்கிறது. நான்காவதில் இலை, அதில் கொஞ்சம் சோறு, பருப்பு, ஒரு பூ, விளக்கு. ஆள் இல்லை, பேச்சும் இல்லை. ஐந்தாவதில் உள்ளங்கையும் ஒற்றைக் கண்ணும். வியாழக்கிழமை கண்டிக்குப் போய்ப் பத்திரிகை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு தகரக் கடையின் விளம்பரம் வந்து சேர்ந்திருக்கிறது. மழைக்குப் பிறகு கூரைத் தகரத்துக்குத்தானே வியாபாரம். அதற்கு இடம் விட, என் பக்கத்தில் கட்ட வரிசை ஒன்றைச் சுருக்கவேண்டும். படங்களையும் எழுத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர், பொறுப்பான மனிதர். எனக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார். அன்று தெல்தோட்டைப் பக்கம் சிக்னல் இல்லை. அவர் என்ன செய்வார்? நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். கட்டைவிரலை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். பேச்சும் ஆளும் இல்லாத நான்காவது கட்டத்தில் விரலை வைத்தபோது கதை நொண்டவில்லை. எடுத்துவிட்டார். நம் தொழிலின் கணக்குப்படி அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகைக் கட்டோடு பஸ் ஏறினேன். ஒரு கட்டம் குறைந்திருப்பதைக் கலஹா தாண்டித்தான் கவனித்தேன். கொஞ்சம் சலிப்பாக இருந்தது. நாய் போன மாதிரி இலையும் போயிற்று என்று நினைத்து ஜன்னலோரம் தூங்கிவிட்டேன்.

இறங்கிப் போனபோது மண்டபத்தில் இரண்டு அடுப்பிலும் புகை, ஆள் ஒருவர்தான். நானா மட்டும் தனியாக நின்று இரண்டு கிடாரத்தையும் மாற்றி மாற்றிக் கிண்டிக்கொண்டிருந்தார். சிவனு அண்ணன் வெளியே பலாமரத்தடிக் கல்லில், மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னல் திரும்பியிருந்ததால் பத்திரிகை எனக்கு முன்னாலேயே போனுக்குப் போன் தாவி ஊருக்குள் வந்துவிட்டது.

கோயில் கமிட்டித் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், குரலை உயர்த்தாத மனிதர். கமிட்டிப் பெரியவர்கள் என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். மூடி திறக்கிறது, அடுத்த கட்டத்தில் சிவனு ருசி பார்க்கிறார். அப்படியென்றால் சாமிக்கு முன்னால் வாயில் வைத்தவர் என்றுதானே அர்த்தம்? மாசித் திருவிழாச் சமையலை இனி அவரிடம் கொடுக்கலாமா, நாவலப்பிட்டியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று மத்தியானம் இங்கேயே கூடிப் பேசப்போகிறார்கள். அதுவரை அவர் அடுப்படிக்குள் வரக்கூடாது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையைப் பிசைந்தார்.

"போட்டோன்னா, சரியா விழலன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேங்க. இது நீங்க கண்ணால பாத்து வரைஞ்சதாச்சே. எப்படி இல்லன்னு சொல்றது?"

நம் தொழிலுக்கு இவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்ட நேரம்தான் சரியில்லை.

பலாமரத்தடிக்குப் போனேன். நானே கமிட்டியில் வந்து சொல்கிறேன் என்றேன். சிவனு அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வச்சது சாமிக்குத் தெரியும். அதுக்கு நீங்க வந்து சாட்சி சொல்ல வேணாங்க." சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த பலா இலை ஒன்றை எடுத்துக் கிழித்தார். பிறகு குரல் இறங்கியது. "எங்கப்பா மூட்டுன அடுப்பு. அத வேறாளு மூட்டுறத நான் நின்னு பாக்கணுமாங்க?"

எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு பேருக்கும் அது உதவாது என்று எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

இனி நீங்கள் கவனித்துக் கேளுங்கள். இந்த மாதிரி நேரத்தில் முதலில் மனதில் வருகிற வழி பெரும்பாலும் சரியாக இருக்காது. அடுத்த ஞாயிறு "வருந்துகிறோம்" என்று மூலையில் நான்கு வரி போடலாம். அதற்குள் திருவிழாச் சமையல் கைமாறியிருக்கும், தவிர அந்த நான்கு வரியை யார் வாசிக்கிறார்கள்? முழுப் படமும் கண்டியில் பத்திரிகை ஆபீசில் இருந்தது; போய் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்ப அந்தப் பாதையில் முடியாது. நானாவைச் சாட்சி சொல்ல அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"நான் போய்ச் சொல்ல ஏலும், அக்கா. ஆனா கோயில் கமிட்டிக்குள்ள நான் நிண்டு சத்தம் போட்டா, அடுத்த கெழமைக்கி நீங்க வேறொரு கதை கீற வேண்டி வரும்."

அவர் சொன்னது சரி. அப்படியே கிண்டிக்கொண்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அணைத்து என் பக்கம் நீட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு கட்டம் போனதால் வந்த வினை, அந்தக் கட்டத்தைத் திரும்ப வைப்பதுதான் வழி. வேறு என்ன எனக்குச் செய்யத் தெரியும்?

நிவாரணச் சாமான் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தேன். உள்பக்கம் வெறுமையாக, பெரிய தாள் மாதிரி இருந்தது. முதல் அட்டையில் மூடி திறப்பது, இரண்டாவதில் இலை, மூன்றாவதில் உள்ளங்கை. துணி காயப்போட்டிருந்த கயிற்றில், சோற்று வரிசை போகிற வழியில், முதலாவதையும் மூன்றாவதையும் வரைந்து தொங்கவிட்டேன். நடுவில் இடம் விட்டு, கீழே மண்டியிட்டு இலையை வரையத் தொடங்கினேன். அதற்குள் வரிசை வந்துவிட்டது. தட்டோடு என்னைச் சுற்றி நின்றார்கள்.

சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து நீங்கள் வரைந்திருந்தால் தெரியும், யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். விளக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்றார் ஒருவர். திரி ஒன்றுதான், நான் இரண்டு போட்டுவிட்டேன் என்றார் இன்னொருவர். அந்த எழுதுவினைஞர் முன்னால் வந்து, பூ செம்பரத்தை, இது வேறு ஏதோ பூ மாதிரி இருக்கிறது என்று பேனாவால் சுட்டிக்காட்டினார். பேனா மறுபடி சட்டைப் பைக்கு வந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கமிட்டிப் பெரியவர்கள் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை. தலைவர் மட்டும் என் கண்ணில் பட்டார், உதட்டில் விரலை வைத்து, பேசாமல் வரையுங்கள் என்று காட்டினார்.

"எலை நுனி தப்பா இருக்குங்க" என்றார் செல்லம்மா அக்கா.

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வரவேண்டும். அப்படித்தான் வரைந்திருந்தேன். நமக்கு இடப்பக்கமா, சாமிக்கு இடப்பக்கமா என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். கிடாரத்தில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்போது பலாமரத்தடியிலிருந்து, முதுகைத் திருப்பாமலே, ஒரு குரல் வந்தது.

"சாப்புடுறது சாமி. சாமிக்குத்தான் எடப்பக்கம்."

கூட்டம் அடங்கியது. நான் வேண்டுமென்றே இன்னும் தப்பாக ஒரு கோடு போட்டு, இப்படியா என்று உரக்கக் கேட்டேன். சிவனு அண்ணனால் தாங்க முடியவில்லை. எழுந்து விடுவிடென்று வந்தார். அட்டையைப் பார்த்தார். "அழிங்க" என்றார்.

கரியை அட்டையில் எங்கே அழிப்பது? புதிய அட்டை எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகைக்கு வரைந்த கட்டத்தையும் நான் நம் பக்கம் நின்றுதான் வரைந்திருந்தேன். இந்த முறை சாமி பக்கம் நின்று வரைந்தேன். முன்னால் இலை, நுனி சாமிக்கு இடப்பக்கம். அதற்குப் பின்னால் குனிந்த தலையோடு சிவனு அண்ணன். அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நானா, அகப்பை கிடாரத்தின் மேல் சும்மா கிடக்கிறது. அதற்கும் பின்னால் வெறும் தட்டோடு வரிசை வரிசையாகக் கைகள். ஒரு கைகூட வாய்க்குப் போகவில்லை. தினமும் நடந்தது அப்படியே அதில் வந்துவிட்டது. அதைக் கயிற்றில் நடுவில் மாட்டினேன். மூடி, இலை, உள்ளங்கை. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கமிட்டியில் மூத்தவர் முன்னால் வந்து மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். சாமி இலையில் அப்பளத்தைக் காணோமே என்றார். இந்த மழையில் அப்பளத்துக்கு எங்கே போவது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தினமும் இப்படி வைத்தானா என்று பொதுவாகக் கேட்டார். செல்லம்மா அக்கா தன் வெறும் தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தெனமும் வச்சாருங்க. அதனாலதான் எங்களுக்கு ஒரு நாளும் சூடா சோறு கெடைக்கல. இன்னைக்கும் பாருங்க, இன்னும் வெறுந்தட்டுதான்."

பெரியவர் தட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இவ்வளவு நல்ல சாட்சியை நான் எந்த இடத்திலும் கேட்டதில்லை. புகழ்ந்து சொல்லியிருந்தால் நம்பாமல்கூட இருந்திருப்பார்கள். குறை சொன்னதால் நம்பினார்கள். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்து தங்களுக்கும் சோறு கேட்டார்கள். சிவனு அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு இன்னும் சாமிக்கு வைக்கவில்லை என்று சொல்லி, இலையைக் கழுவி விரித்து, விளக்கை ஏற்றி, அவருடைய வேகத்தில் படைத்து முடித்தார். பெரியவர்களுக்கும் ஆறின சோறுதான் கிடைத்தது.

பக்கம் கட்டுகிறவர் விஷயம் தெரிந்து என்னைவிடத் துடித்துப்போனார். அடுத்த ஞாயிறு, வந்த விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாமி பக்கமிருந்து வரைந்த அந்த ஒரு கட்டத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டார். கீழே ஒரு வரி எழுத்துகூட இல்லை. மறுநாள் மார்க்கட்டிலிருந்து பருப்பு மூட்டையோடு ஒரு கட்டு வாழையிலையும் வந்தது. கூடவே நாலு பாக்கெட் அப்பளம்.

அதனால் நான் சொன்ன கட்டைவிரல் சோதனையை நீங்கள் விட்டுவிட வேண்டாம். ஆனால் உங்கள் விரலை மட்டும் நம்பாதீர்கள். யாரை வரைந்தீர்களோ அவரிடம் பக்கத்தைக் கொண்டுபோய், அவர் விரலை வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நாயாகத் தெரிகிற கட்டம் அவருக்கு அடுப்பாக இருக்கலாம். ஒரு பஸ் பயணம் அதிகமாகும், ஆசிரியர் திட்டுவார், பரவாயில்லை. அலைந்தால் கால்தானே வலிக்கும்.

மாசித் திருவிழாவுக்கு எனக்கும் நானாவுக்கும் அழைப்பு வந்தது. நானா வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் புதுச் சாரம் கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்துக் கதவருகில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பை மூட்டியது சிவனு அண்ணன்தான். சாம்பார் இறங்கியது, சாமிக்கு இலை போயிற்று, பூசை மணி அடித்து ஓய்ந்தது. வழக்கமாக அதோடு பந்திக்குப் போய்விடும். சிவனு அண்ணன் ஒரு நொடி நின்றார். அகப்பையில் கொஞ்சம் எடுத்துத் தன் உள்ளங்கையில் தானே ஊற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடினார். நானா சாம்பாரைப் பார்க்கவில்லை, சிவனு அண்ணனின் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து ஒரு சிட்டிகை என்று காட்டினார். சிவனு அண்ணன் முறைத்தார். போட்டார்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் செல்லம்மா அக்கா. அவருக்குப் புது லயம் இன்னும் கட்டிக் கொடுக்கவில்லை, ஆனால் சேலை புதுசு. ஒரு வாய் எடுத்து வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சிவனு அண்ணன் வாளியும் கரண்டியுமாக அப்படியே நின்றார்.

"பரவால்லண்ணே" என்றார் செல்லம்மா அக்கா. "சாமிக்கு பிரஷர் சொகமாயிருச்சு போல."

பந்தி முழுக்கச் சிரித்தது. சிவனு அண்ணனும் சிரித்தார். பல் தெரிய, காது சிவக்க. அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் நான் பார்த்தேன். என் கை தானாகப் பையிலிருந்த பென்சிலுக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார். வாளியோடு என் இலைக்கு வந்து, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"இத வரைஞ்சிறாதீங்க."

கேட்டார், விட்டுவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு வாயால் சொல்லவேண்டியதாகிவிட்டது.